செயற்கைக் கால் படுத்துகிறதா? முதலில் சாக்ஸை எண்ணுங்கள்

புதுக் கால் மாட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு போனவர்கள், சில வாரம் கழித்து அதே காலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு எங்கள் பட்டறைக்கு வருவார்கள். "இது எனக்கு ஒத்துவரல சார், வேற கால் குடுங்க." என்ன செய்கிறது என்று கேட்டால் "வலிக்குது" என்று ஒரே சொல். எங்கே வலிக்கிறது? எந்த நேரத்தில்? மாட்டிய உடனேயா, நடந்த பிறகா? இன்றைக்கு எத்தனை சாக்ஸ் போட்டிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் முழிப்பார்கள். கால் கொடுத்த அன்று போட்டுவிட்ட அதே ஒரு சாக்ஸ்தான் இன்றைக்கும் இருக்கும்.

செயற்கைக் காலில் உங்கள் காலை நுழைக்கும் கூட்டை சாக்கெட் என்போம். அது பிளாஸ்டிக்கில் செய்ததோ ஃபைபரில் செய்ததோ, வார்த்த அளவிலேயே கடைசிவரை இருக்கும். அதற்குள் போகிற உங்கள் கால், நாங்கள் ஸ்டம்ப் என்று சொல்வது, அப்படி இருக்காது. காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் வருடத்தில் மாதாமாதம் இளைக்கும். வீக்கம் வற்றும், வேலையில்லாத தசை சுருங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் சாக்ஸ். அதனால் கீழே எந்தத் தொந்தரவைத் தேடி வந்திருந்தாலும், முதல் கேள்வி இன்றைய சாக்ஸ் கணக்கு சரிதானா என்பதே.

இதில் சொல்வது முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்களுக்கு. முழங்காலுக்கு மேலே என்றால் தோல், வீக்கம், இல்லாத கால் வலிப்பது பற்றிய பகுதிகள் பொருந்தும். நடை பற்றியவை பொருந்தாது, அங்கே மூட்டு என்று தனியாக ஒரு இயந்திரமே இருக்கிறது.

இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம்

தோல் பிளந்த புண், சீழ், காய்ச்சலோடு பரவும் சிவப்பு, கருத்துப்போகும் தோல், திடீரென்று வந்த வீக்கமும் வலியும். இதில் எது இருந்தாலும் காலைக் கழற்றிவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு வரி: புண் இருக்கிறது, ஆனால் வலிக்கவில்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல. நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். "வலிக்கலயே, அதனாலதான் போட்டு நடந்தேன்" என்று சொல்லி வந்தவர்களில் சிலருக்கு இன்னும் மேலே வெட்ட வேண்டி வந்திருக்கிறது.

கழற்றியதும் சிவப்புத் தடம் தெரிகிறது

தெரியத்தான் வேண்டும். எங்கே தெரிகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதில்தான் விஷயம்.

கீழ்க்கால் சாக்கெட்டின் முன்பக்கம் உள்ளே கைவிட்டுத் தடவினால் ஒரு மேடு தட்டும். முழங்கால் சில்லுக்கு நேர் கீழே இருக்கும் தடித்த நாரில் அது அழுந்தி, உடம்பின் எடையில் ஒரு பங்கைத் தாங்கும். மிச்சத்தை கெண்டைச் சதையும், கீழ்க்காலின் முன்னெலும்பு மேல்முனையில் உள்பக்கமாக விரிகிற இடமும் தாங்கும். இந்த இடங்கள் சிவந்திருந்து, கழற்றிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் சாக்கெட் தன் வேலையைச் செய்கிறது. விட்டுவிடலாம்.

விடக்கூடாத இடங்கள்: முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் சின்ன எலும்புக் குமிழ், முன்னெலும்பின் கூர்மையான வரம்பு, வெட்டிய எலும்பின் முனை, முழங்காலுக்குப் பின்னால் இருபுறமும் கயிறுபோல ஓடும் நரம்புகள் (உண்மையில் அவை தசைநார்கள்). இங்கே சிவப்பு வந்து இருபது நிமிடம் தாண்டியும் மறையவில்லை என்றால் சாக்கெட் அந்த இடத்தில் அழுத்துகிறது. முதலில் சாக்ஸைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள், எப்படி என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். அதற்கும் மறையாவிட்டால் சாக்கெட்டில்தான் வேலை இருக்கிறது.

நுனியும் பின்பக்கமும் நேராகப் பார்க்கத் தெரியாது. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கட்டிலருகே வையுங்கள். தினமும் ராத்திரி ஒரு தடவை அதில் பாருங்கள். கால் புதிதென்றால் முதல் நாள் மொத்தமே ஒரு மணி நேரம், அதில் நிற்பதும் நடப்பதும் பாதி. அரை மணிக்கு ஒருமுறை கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். தோல் ஒத்துழைத்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டலாம். முதல் நாளே பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போவது எல்லோருக்கும் இருக்கும் ஆசைதான். அடுத்த வாரம் கால் கட்டிலுக்கடியில் கிடக்கும்.

சாக்கெட்டில் எந்தப் புள்ளி அழுத்துகிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் பட்டறையில் செய்வதை வீட்டிலும் செய்யலாம். வலிக்கும் இடத்துக்கு நேராக, சாக்ஸின் வெளிப்பக்கம் லிப்ஸ்டிக்கோ சாந்துப் பொட்டோ ஒரு துளி வைத்துக் காலை மாட்டி, சில அடி நடந்து கழற்றுங்கள். சாக்கெட்டுக்குள் ஒட்டியிருக்கும் கறைதான் முகவரி. அதைத் துடைக்காமல் கொண்டுவந்து காட்டினால் எங்களுக்கு வேலை மிச்சம்.

அந்த இடத்தை நீங்களே சரிசெய்யப் போகாதீர்கள். மெழுகுவர்த்தியில் காட்டிச் சாக்கெட்டைப் பிதுக்குவது, பழைய ரப்பர் செருப்பை வெட்டி உள்ளே ஒட்டுவது, பஞ்சு திணிப்பது என எல்லாம் பார்த்திருக்கிறேன். பஞ்சு திணித்த இடத்தில் அழுத்தம் குறையாது, கூடும். சூடு காட்டிய பிளாஸ்டிக் எந்தப் பக்கம் வளையும் என்று எங்களுக்கே அச்சு இல்லாமல் சொல்ல முடியாது.

காலையில் கச்சிதம், சாயங்காலம் தொளதொள

அதிகம் கேட்கும் புகார் இதுதான், வீட்டிலேயே தீர்வதும் இதுதான்.

நடக்க நடக்க ஸ்டம்பிலிருக்கும் நீர் மேலேறி அது மெலிகிறது. மெலிந்த கால் சாக்கெட்டுக்குள் இறங்குகிறது. இறங்கியதை மூன்று அடையாளங்களால் அறியலாம். முழங்கால் சில்லின் கீழ் விளிம்பு வலிக்கும், ஏனென்றால் நாரில் அழுந்த வேண்டிய மேடு இப்போது சில்லிலேயே இடிக்கிறது. எலும்பின் நுனி அடியில் முட்டும். அடியெடுத்துத் தூக்கும்போது கால் ஒரு விரற்கடை கீழே தொங்கி, ஊன்றும்போது மேலே ஏறும். மூன்றுக்கும் மருந்து ஒரு சாக்ஸ் கூட.

சாக்ஸ் 1 பிளை, 3 பிளை, 5 பிளை என்று கனத்தைப் பொறுத்து வரும். எடுத்தவுடன் ஐந்தைச் சேர்க்காமல் ஒன்றைச் சேர்த்துச் சிறிது தூரம் நடந்து பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொன்று. தோலை ஒட்டி முதலில் மெல்லிய நைலான் உறை, அதன்மேல் பருத்தி அல்லது கம்பளி. சுருக்கம் ஒன்றுகூட இருக்கக் கூடாது, தையல் எலும்பின் மேல் வரக் கூடாது. வெளியே போகும்போது இரண்டு மூன்று சாக்ஸைப் பையில் வைத்திருங்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாக்ஸ் மாற்றக் கூச்சப்பட்டால் வீட்டுக்கு வரும்போது கொப்புளத்தோடுதான் வருவீர்கள்.

அதிகமாகிவிட்டால்? அதற்கும் அடையாளம் உண்டு. கால் முழுதாக இறங்காது. சில்லுக்குக் கீழே எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும் இடத்தில் வலிக்கும். நிற்கும்போது செயற்கைக் கால் நீளமாகத் தெரியும். ஒன்றைக் கழற்றுங்கள்.

கணக்கு பத்துப் பன்னிரண்டு பிளையைத் தாண்டிவிட்டது என்றால் சாக்ஸின் காலம் முடிந்தது, புதுச் சாக்கெட் வேண்டும். அவ்வளவு துணி சுற்றிய கால் சாக்கெட்டுக்குள் திருகிக்கொண்டேயிருக்கும். ஆபரேஷன் முடிந்து சில மாதத்திலேயே முகாமில் கால் வாங்கியவர்கள் இந்த நிலைக்குச் சீக்கிரமே வந்துவிடுவார்கள். கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் இல்லை, அன்றைக்கு இருந்த ஸ்டம்ப் இன்றைக்கு இல்லை. ஆனால் இரண்டாவது சாக்கெட் தேவைப்படும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பல இடங்களில் சொல்வதில்லை. "அரசாங்கம் கொடுத்தது, அவ்வளவுதான்" என்று பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.

காலையில் உள்ளேயே போகமாட்டேன் என்கிறது

வீங்கியிருக்கிறது. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்தது, அல்லது நேற்று நாள் முழுக்கக் கால் போடவில்லை, அல்லது கட்டிலிலிருந்து ஸ்டம்பைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். உப்புக் கூடின சாப்பாடு, மாதவிலக்கு நாட்கள், சித்திரை வெயில் எல்லாமே ஏற்றும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு முந்தின நாள் ஒரு அளவும் மறுநாள் ஒரு அளவுமாக இருக்கும், அவர்கள் இரண்டுக்கும் தனித்தனிச் சாக்ஸ் கணக்கு எழுதி வைத்துக்கொள்வதே வழி.

திணிக்காதீர்கள். கிரேப் பேண்டேஜைச் சுற்றி, கால் நீட்டி அரை மணி நேரம் உட்காருங்கள். சுற்றுவதில் ஒரு முறை இருக்கிறது: எட்டு வடிவில், சாய்வாக, நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும். வட்டமாக ஒரே இடத்தில் இறுக்கினால் ரத்தம் கீழே தேங்கி நுனி இன்னும் வீங்கும். முதல் வருடத்தில் கால் போடாத நேரமெல்லாம் இந்தக் கட்டோ, அதற்கென்றே விற்கும் இறுக்க உறையோ இருந்தால் காலையில் இந்தப் பிரச்சினையே வராது.

பிறகு ஒரு சாக்ஸ் குறைத்து மாட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் நடந்ததும் இறங்கிவிடும், அப்போது குறைத்ததைத் திரும்பப் போடலாம்.

நுனி ஊதாவாக இருக்கிறது, நீர் கசிகிறது, பாலுண்ணி மாதிரி தடித்திருக்கிறது

விரல் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். சாக்கெட்டின் மேல்பகுதி இறுக்கிப் பிடிக்கிறது, அடியில் வெற்றிடம். ரத்தம் கீழே போகிறது, திரும்பி ஏற வழியில்லை. பல மாதம் விட்டுவிட்டால் தோல் தடித்து மருக்கள்போல வெடிக்கும், இடுக்குகளில் கிருமி குடியேறும்.

சோதிக்க, நெல்லிக்காய் அளவு கோதுமை மாவு உருண்டையை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சாக்கெட்டின் அடியில் போட்டு, காலை மாட்டி எழுந்து நில்லுங்கள். கழற்றியதும் உருண்டை லேசாகத் தட்டையாகியிருந்தால் நுனி அடியைத் தொடுகிறது, நல்லது. அப்பளமாகிவிட்டால் அதிகம் இறங்குகிறது, சாக்ஸ் கூட்டுங்கள். உருண்டை உருண்டையாகவே இருந்தால் இடைவெளி இருக்கிறது. சாக்ஸ் குறைத்துப் பாருங்கள், அப்போதும் தொடவில்லையென்றால் அடியில் மெத்தை வைத்துத் தர வேண்டியது எங்கள் வேலை. தொடர்பு கிடைத்துவிட்டால் அந்தத் தடிப்பு பெரும்பாலும் தானாகவே அமுங்கிவிடும்.

வியர்வை, நாற்றம், அரிப்பு

நம் ஊர் வெயிலில் இது வராதவர் கிடையாது. ஸ்டம்பை ராத்திரியில் கழுவுங்கள், காலையில் அல்ல. ஈரத்தோடு மாட்டிய தோல் ஊறி, சாக்கெட்டோடு ஒட்டி உரியும். காலைக் குளியலை விட முடியாதவர்கள் ஒற்றித் துடைத்துக் கால் மணி நேரம் காற்றாட விட்டு மாட்டலாம். மிதமான சோப்பு போதும். டெட்டால் கலந்த தண்ணீர் தோலைக் காயவைத்து வெடிக்கவைக்கும். தேங்காய் எண்ணெய் தடவுவதானால் படுக்கும் முன் மட்டும்.

சாக்ஸைத் தினமும் துவைத்து நன்றாக அலசி நிழலில் காயப்போடுங்கள். சோப்பு தங்கினாலும் அரிக்கும். சிலிக்கான் லைனர் (தோலை ஒட்டிப் போடும் ரப்பர் போன்ற உறை) போடுகிறவர்கள் அதன் உள்பக்கத்தைத் தினமும் கழுவ வேண்டும். மதியம் ஒருமுறை கழற்றி வியர்வையைத் துடைத்து மறுபடி போடுவதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

மயிர்க்கால்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தால் ஸ்டம்பைச் சவரம் செய்யும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிறுத்துங்கள். வட்ட வட்டமாக ஓரம் சிவந்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். மெடிக்கல் கடையில் "அரிப்புக்கு" என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த டியூபைத்தான் பெரும்பாலும் தருவார்கள். நாலு நாள் அடங்கி, பிறகு முன்னைவிடப் பெரிதாகப் படரும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

லைனரின் பின் 'டக்'கென்று பூட்டவில்லை

சில லைனர்களின் நுனியில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பின். சாக்கெட்டின் அடியிலிருக்கும் பூட்டில் அது மாட்டிக்கொள்ளும். லைனரை இழுத்து மாட்டக் கூடாது. உள்பக்கத்தை வெளியே புரட்டி, நுனியில் காற்றில்லாமல் பதித்து, மேல்நோக்கி உருட்ட வேண்டும். பின் முன்னெலும்பின் நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் பூட்டின் துளையைத் தேடாது. சாக்ஸின் ஓட்டை பின்னைச் சுற்றிச் சுருண்டிருக்கலாம், அல்லது சாக்ஸ் அதிகமாகி கால் அடிவரை போகாமல் நிற்கலாம். பூட்டிய பிறகு நுனியில் இழுப்பதுபோல வலியும் கொப்புளமும் வந்தால் அங்கே காற்றுக் குமிழ் மாட்டியிருக்கிறது, திரும்ப உருட்டுங்கள்.

கழற்ற முடியாமல் சிக்கிக்கொண்டால் பதறாதீர்கள். பூட்டை விடுவிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே எழுந்து நின்று காலில் எடையைப் போடுங்கள், பின் சற்று இறங்கி விடுபடும்.

சத்தம் வருகிறது

உட்காரும்போதும் எழும்போதும் 'பொர்' என்று காற்று போகிற சத்தம் என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, சாக்ஸ். 'டக் டக்' என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டால் பாதத்தின் போல்ட் தளர்ந்திருக்கலாம். அன்றைக்கே வந்து இறுக்கிக்கொள்ளுங்கள், நடுரோட்டில் பாதம் திரும்பிவிடும். பாதத்தின் ரப்பர் வெடித்திருந்தால் ஒட்டுவதில் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

வெளியே நன்றாக நடக்கிறேன், கோயிலுக்குள் போனால் பின்னால் தள்ளுகிறது

இது நம் ஊருக்கே உரிய பிரச்சினை. பலர் இதைக் காலின் கோளாறு என்றே நினைக்கிறார்கள்.

கணுக்கால் அசையாத சாதாரண ரப்பர் பாதம், 1950களில் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. சாக் பாதம் என்று எங்கள் வழக்கில் சொல்வது. ஷூ போட்டு நடக்கிறவர்களுக்காக யோசித்தது. ஷூவின் குதிகால் ஒரு சென்டிமீட்டரோ கூடுதலோ உயர்ந்திருக்கும் என்ற கணக்கில்தான் அந்தக் காலை நேராக நிறுத்துகிறோம். ஷூவைக் கழற்றியதும் குதி கீழே இறங்குகிறது, கால் முழுதும் பின்னால் சாய்கிறது, முழங்கால் பின்பக்கம் நெட்டித் தள்ளுகிறது. சமதரையில் நடந்தாலும் மேடு ஏறுவதுபோல இருக்கும். நேர்மாறாக, குதி உயர்ந்த செருப்புக்கு மாறினால் முழங்கால் முன்னால் மடங்கி விழத் தள்ளும். "திடீர்னு முட்டி மடங்குது" என்று வந்தால் முதலில் நான் பார்ப்பது புதுச் செருப்பு வாங்கினாரா என்பதைத்தான்.

இந்தச் சிக்கலுக்கு 1968இல் ஜெய்ப்பூரில் விடை கண்டார்கள். சவாய் மான்சிங் மருத்துவமனையில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்த ஜெய்ப்பூர் பாதம், வெறுங்காலோடு நடக்கவும், குந்தி உட்காரவும், சம்மணமிடவும், சேற்றில் இறங்கவும் ஏற்றது. வயல் வேலை செய்கிறவருக்கு அதையே சொல்வேன். கனம் கொஞ்சம் கூடத்தான். நவீனமாக இல்லை என்று ஒதுக்குகிற இளைஞர்கள் உண்டு, அலுவலகத்துக்கு ஷூ போட்டுப் போகிறவர்கள் ஒதுக்கினால் நியாயம். நாற்று நடப் போகிற அக்கா ஒதுக்க வேண்டியதில்லை.

ஆகவே அளவெடுக்கும்போதே சொல்லுங்கள்: வீட்டில் வெறுங்கால், வெளியே இந்தச் செருப்பு. அந்தச் செருப்பையே கையில் கொண்டு வாருங்கள். வெறுங்காலுக்கு நிறுத்திய கால் என்றால் வெளியேயும் தட்டையான செருப்பு, பின்வார் உள்ளது. ஹவாய் செருப்பு செயற்கைப் பாதத்தில் நிற்காது, விரலுக்குப் பிடிக்கத் தெரியாது. ஏற்கெனவே ஷூவுக்கு நிறுத்தியதாக இருந்தால் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள அதே உயரத்தில் சுத்தமான இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். கோயிலில் அதுவும் ஆகாது என்றால், குதிக்கடியில் வைத்துக் கட்டிக்கொள்ள ஒரு ரப்பர் ஆப்பு செய்து கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். டவுன் பஸ் படிக்கட்டு உயரம், கண்டக்டர் விசில் கொடுப்பதற்குள் நினைவுக்கு வரும்படி வீட்டுப் படியில் பழகிக்கொள்ளுங்கள். சரிவில் இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குங்கள், அப்போதுதான் அசையாத கணுக்கால் முழங்காலை முன்னால் தள்ளாது.

நொண்டுகிறேன், இடுப்பு வலிக்கிறது

"கால் குட்டையாப் போச்சு" என்பார்கள். கால் குட்டையாகவில்லை, நீங்கள் உள்ளே இறங்கியிருக்கிறீர்கள். சாக்ஸைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் இருந்தால், இரண்டு காலையும் சமமாக ஊன்றி நின்று, வீட்டில் ஒருவரைப் பின்னாலிருந்து இரண்டு இடுப்பெலும்பின் மேலும் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்ந்த பக்கத்துப் பாதத்துக்கடியில் மெல்லிய நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, கைகள் மட்டமானதும் நிறுத்துங்கள். நோட்டுகளின் உயரம்தான் வித்தியாசம். அதை அளந்து சொல்லுங்கள்.

மட்டமாக இருந்தும் நொண்டினால், காரணம் பெரும்பாலும் பயம். செயற்கைக் காலில் எடைபோட மனம் வராமல் அவசரமாக நல்ல காலுக்குத் தாவுகிறீர்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு எடையை அந்தக் காலுக்கு மாற்றி மாற்றிப் பழகுங்கள்.

இல்லாத கால் வலிக்கிறது

வெட்டிய பாதத்தில் விரல் முறுக்குகிறது, உள்ளங்கால் எரிகிறது, கட்டைவிரலில் ஆணி இறங்குகிறது. இதை வீட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று மறைக்கிறவர்கள் நிறைய. மறைக்க வேண்டாம். கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் போகவில்லை. கால் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு அளவில் இது உண்டு.

கால் இருப்பதுபோல உணர்வது மட்டும் என்றால் மருத்துவம் தேவையில்லை. வலி என்றால் முதலில் எளியவற்றைச் செய்து பாருங்கள்: ஸ்டம்பை நீவிவிடுவது, துண்டால் ஒற்றியொற்றித் தேய்ப்பது, பேண்டேஜ் கட்டுவது, காலை மாட்டி நடப்பது. பலருக்குக் காலை மாட்டியிருக்கும்போது வலி குறைகிறது. மலச்சிக்கல், தூக்கமின்மை, இறுகிய சாக்கெட் மூன்றும் இந்த வலியைக் கிளப்பிவிடும்.

அடுத்தது கண்ணாடி. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் கண்ட வழி இது. கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, நீளமான கண்ணாடியை இரண்டு கால்களுக்கும் நடுவே, பளபளக்கும் பக்கம் நல்ல காலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு கால் தெரியும். நல்ல பாதத்தை மெதுவாக மடக்கி நீட்டி, விரல்களை விரித்து மூடி, கண்ணாடியிலிருக்கும் கால்தான் போன கால் என்று நினைத்துக்கொண்டே செய்யுங்கள். முறுக்கிக் கிடந்த விரல் விரிவதை உணர்வீர்கள், எல்லோரும் அல்ல, ஆனால் கணிசமானவர்கள். 2007இல் வெளியான, அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை ஆய்வில் தினமும் 15 நிமிடம், நான்கு வாரம் செய்தார்கள். கண்ணாடியைப் பார்த்துச் செய்தவர்களுக்கு வலி குறைந்தது. அதே அளவை வைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலோ வலி கூடினாலோ நிறுத்திவிடுங்கள். இரண்டு நாளில் பலனில்லை என்று கண்ணாடியைத் திரும்பச் சுவரில் மாட்டிவிடாதீர்கள்.

சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாக எடுபடாது. அமிட்ரிப்டிலின், காபாபென்டின், பிரிகாபலின் போன்ற நரம்பு மருந்துகள் தூக்கம், தலைசுற்றல் தருபவை, டாக்டர் சொன்ன அளவில் மட்டும்.

ஸ்டம்பில் ஒரே ஒரு புள்ளியைத் தட்டினால் ஷாக் அடித்ததுபோல ஓடுகிறது என்றால் அது வேறு. வெட்டுப்பட்ட நரம்பு முனை முடிச்சாகியிருக்கலாம். அந்த இடத்துக்குச் சாக்கெட்டில் குழி எடுக்க முடியும், ஊசியோ சிறு ஆபரேஷனோகூடத் தேவைப்படலாம்.

முழங்கால் முழுதாக நீளவில்லை

தலையணையை எடுங்கள். வலிக்கு இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கடியில் வைத்து வைத்து மடங்கியபடியே இறுகிவிடுகிறது. சக்கர நாற்காலியில் உட்காரும்போது ஸ்டம்புக்கடியில் ஒரு பலகை வைத்து நீட்டியே வையுங்கள். தினமும் குப்புறப் படுங்கள், காலையும் மாலையும் கால் மணி நேரம். சில டிகிரி மடக்கத்தைச் சாக்கெட்டை நிறுத்தும் விதத்தில் சமாளிக்கலாம், அதற்குமேல் போனால் பிசியோதெரபி இல்லாமல் கால் மாட்டிப் பயனில்லை.

ராத்திரி எழுந்து விழுந்துவிட்டேன்

தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாகவே நினைத்து இறங்குவது. வருடக் கணக்கில் பழகினவர்களுக்கும் நேர்கிறது. வாக்கரைக் கட்டிலை ஒட்டி, இறங்கும் பக்கத்திலேயே, கையில் இடிக்கும்படி நிறுத்துங்கள். இரவு விளக்கு. பாத்ரூமுக்கு நொண்டியடித்துப் போகவே கூடாது, ஈரத் தரையில் நல்ல காலும் போகும். ஸ்டம்ப் அடிபட்டு வீங்கினால் எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் மறுபடி கால் போடலாம்.

கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்குகிறது

அதே தூரத்தை நடக்க உங்களுக்கு ஏறக்குறைய கால்வாசி கூடுதல் சக்தி செலவாகிறது, முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்குப் பாதிக்கும் மேல். ரத்தக் குழாய் நோயால் கால் போனவர்களுக்கு இதயமும் பலவீனமாக இருக்கலாம், நெஞ்சு அடைத்தால் டாக்டர். மற்றபடி மெதுவாக நடப்பது சோம்பேறித்தனம் அல்ல. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நடனக் கலைஞர் சுதா சந்திரனைச் சொல்வார்கள். 1981இல் கால் இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மறுபடி மேடையேறியவர். அப்போது அவருக்கு இளம் வயது, சின்ன வயதிலிருந்து பயிற்சி பெற்ற உடம்பு, ஆபரேஷனுக்குக் காரணம் சர்க்கரையும் இல்லை. அறுபது வயது அப்பாவிடம் அவரைக் காட்டி "நீங்களும் நடங்க" என்று விரட்டுவதில் நியாயமில்லை.

அந்த அப்பாவின் இன்னொரு காலையும் தினம் பாருங்கள். விரலிடுக்கு, குதி வெடிப்பு, நகம். சர்க்கரையால் ஒரு கால் போனவருக்கு மற்றக் காலும் அதே ஆபத்தில்தான் இருக்கிறது, இப்போது கூடுதல் பாரமும் அதன் மேல்தான்.

பட்டறைக்கு வரும்போது

தொந்தரவு சாயங்காலம் வருகிறதென்றால் சாயங்காலமே வாருங்கள். காலை பத்து மணிக்கு வந்து கச்சிதமாக நடந்து காட்டினால் நான் எதைச் சரிசெய்வது? அன்று போட்ட சாக்ஸ் அப்படியே இருக்கட்டும், மிச்ச சாக்ஸும் வழக்கமான செருப்பும் பையில் இருக்கட்டும். சிவப்புத் தடத்தை, கழற்றியவுடன் ஒன்றும் இருபது நிமிடம் கழித்து ஒன்றுமாகப் போனில் படம் பிடித்துவையுங்கள். கால் கொடுத்த இடம் தூரமாக இருந்தால், அல்லது அது ஒருநாள் முகாம் என்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்று தனித் துறை உண்டு. ஆண்கள் வேட்டியோ அரைக்கால் சட்டையோ போட்டு வாருங்கள். இறுக்கமான பேண்டை மடித்துவிட்டால் முழங்காலுக்குமேல் ஏறாது, எனக்குப் பார்க்க வேண்டியது அங்கேதான் இருக்கும்.